அதே பாட்டு, வேற கை: கிடார் பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கு அக்காவின் டிப்ஸ்

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் கிடார் வாங்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் ஆசை 'இளைய நிலா'. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிடார், ஐந்து ரோட்டிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் எத்தனையோ மாடி ரூம்களில் தட்டுத்தடுமாறி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டியதும் 'என் இனிய பொன் நிலாவே'. அதையும் தாண்டியவனுக்கு வாத்தியார் ஜாஸ் பக்கம் கதவைத் திறந்துவிடுவார். அப்போது கையில் கொடுப்பது அநேகமாக 'ஆட்டம் லீவ்ஸ்'. கொஞ்ச நாள் சந்தோஷமாகப் போகும். அப்புறம், "இதுல இன்னும் என்னக்கா இருக்கு? யார் வாசிச்சாலும் ஒரே மாதிரிதான இருக்கு?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கண்ணு, எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. நீ தேடும் விதம்தான் ஒரே மாதிரி ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பாட்டின் பெயரையும் 'ஜாஸ் கிடார்' என்ற சொல்லையும் யூடியூபில் போட்டால் முதலில் வருவது பாடம் நடத்துகிறவர்கள். அடுத்து டேப், பேக்கிங் டிராக். அதற்கும் அடுத்து, 'ரிலாக்ஸ் ஆக மூன்று மணி நேர ஜாஸ் கிடார்'. பாடம் நடத்துகிறவர் பாட்டைப் பாடமாகத்தான் வாசிப்பார், அது அவர் வேலை. மூன்று மணி நேரக் கச்சேரியிலோ வாசித்தவர் பெயரே இருக்காது. பெயர் போடாத வாசிப்பைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே.

பாட்டைத் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேடு. நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைப்பதுதான்.

முதலில் பாட்டின் பூர்வீகம்

தேடப் போவதற்கு முன்னால் பாட்டு உனக்குள் இறங்கியிருக்க வேண்டும். 'ஆட்டம் லீவ்ஸ்' அமெரிக்கப் பாட்டே இல்லை. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஜோசஃப் கோஸ்மா 1945-ல் ஒரு பாலே நாட்டியத்துக்குப் போட்ட மெட்டு. ழாக் ப்ரெவேர் என்ற கவிஞர் அதற்குப் பிரெஞ்சில் வரிகள் எழுதினார். 1946-ல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் இடம்பிடித்தது. பிறகு ஜானி மெர்சர் ஆங்கில வரி எழுதினார். 1955-ல் ரோஜர் வில்லியம்ஸின் பியானோ வாசிப்பு அமெரிக்காவில் முதல் இடத்துக்கு வந்தது. அதற்கப்புறம் அது எல்லாருடைய சொத்தும் ஆகிவிட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 'லே ஃபெய் மோர்த்' என்ற பிரெஞ்சுப் பெயரைப் போட்டுத் தேடிப் பாரு. வேறு ஒரு உலகமே வந்து நிற்கும். இவ் மோந்தான் பாடியதைக் கேளு. நாம் கிடாரில் வாசிக்கும் பகுதிக்கு முன்னால் பேசுவது போல ஒரு நீண்ட முன்பகுதி இருக்கிறது. ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் அதை வெட்டிவிட்டு, பின்னால் வரும் முப்பத்திரண்டு பாரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாதிப் பாட்டை வாசித்துவிட்டு 'அலுத்துப்போச்சு' என்று சொல்வது நியாயமா?

அந்த முப்பத்திரண்டு பாரையும் வாயால் பாடப் பழகு. கிடாரைத் தொடாமல், குளிக்கும்போதும் மாவாட்டும்போதும் பாடு. எட்டு எட்டாக நான்கு துண்டு. முதல் இரண்டும் ஒன்றே, மூன்றாவது திரும்பும், நான்காவது இறங்கி வந்து முடியும். ஜி மைனரில் வாசித்தால் கார்டுகள் சி மைனர், எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று நாலு நாலு சுரமாகத் தாவிக்கொண்டே போய்க் கடைசியில் ஜி மைனரில் உட்காரும். இது உனக்குத் தூக்கத்திலும் கேட்டால்தான், இன்னொருத்தர் எங்கே விலகுகிறார் என்பது காதுக்குத் தெரியும்.

நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் காது புதிதும் இல்லை. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வரத்தை ரேடியோவில் கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் 'வாதாபி கணபதிம்' அலுத்துவிட்டதா என்று கேட்டுப் பாரு. யார் எந்தச் சங்கதியில் என்ன செய்தார் என்று அரை மணி நேரம் சொல்வார்கள். சினிமாப் பாட்டிலும் இதே பயிற்சி உண்டு. நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1965-ல் எடுத்த 'வல்லவனுக்கு வல்லவன்' படத்தின் 'ஓராயிரம் பார்வையிலே' பாட்டையும், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இந்தியில் முகமது ரஃபி பாடிய 'சௌ பார் ஜனம் லேங்கே' பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளு. மெட்டு ஒன்றுதான். ரஃபி இழைந்து போகிற இடத்தில் டி.எம்.எஸ். அழுத்தி நிற்கிறார். எந்த இடம் என்று விரலை வைத்துச் சொல்ல முடிந்தால் நீ ஜாஸ் கேட்கத் தயார்.

பக்கவாத்தியக்காரரைப் பிடி

இதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒரு ரெக்கார்டில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடு. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படி.

'ஆட்டம் லீவ்ஸ்' என்றதும் எல்லாரும் காட்டுவது 1958-ல் கேனன்பால் ஆடர்லி பெயரில் வந்த 'சம்திங் எல்ஸ்' ஆல்பம். மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட்டும் அந்த இருண்ட முன்னிசையும் உலகப் பிரசித்தம். அதில் கிடார் இல்லை. ஆனால் அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு படி பின்னால் போனால் அகமத் ஜமால் என்ற பியானோக்காரர் வருவார். மைல்ஸுக்கு அவர் மேல் அவ்வளவு மதிப்பு. ஜமாலின் மூவர் குழு 1955-ல் இதே பாட்டைப் பதிவு செய்தது. அந்தக் குழுவில் டிரம்ஸே கிடையாது. பியானோ, பேஸ், அப்புறம் ரே க்ராஃபோர்டின் கிடார். தந்தியைத் தட்டித் தட்டி போங்கோ மாதிரி தாளம் எழுப்புவது க்ராஃபோர்டின் பாணி. கிடார் தாள வாத்தியமாக மாறி நிற்கும் ஒரு 'ஆட்டம் லீவ்ஸ்' இப்படிப் பியானோக்காரர் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 'ஜாஸ் கிடார்' என்று ஆயிரம் முறை தேடினாலும் இது சிக்காது.

இப்படியே ஒரு பேஸ்காரரைப் பிடித்துக்கொண்டு போ. ரான் கார்ட்டர் யார் யாரோடு வாசித்தார் என்று பார்த்தால் ஜிம் ஹால் வருவார். இருவரும் நியூயார்க்கில் ஒரு கிளப்பில் நேரடியாக வாசித்துப் பதிவான 'அலோன் டுகெதர்', 1972. அதிலும் 'ஆட்டம் லீவ்ஸ்' இருக்கிறது. ஒரு கிடார், ஒரு பேஸ், அவ்வளவுதான். ஜிம் ஹால் பல இடங்களில் ஒன்றுமே வாசிக்காமல் சும்மா இருப்பார். கார்டு முழுதாக விழ வேண்டிய இடத்தில் இரண்டே சுரம் வைப்பார். உனக்குத் தெரிந்த பாட்டு என்பதால் அவர் விட்ட இடத்தை உன் காதே நிரப்பிக்கொள்ளும். வேகமாக விரல் ஓட்டி நூறு சுரம் கொட்டுகிறவர்களைவிட இந்த மனுஷன் எனக்கு எப்போதும் புதுசாகவே இருக்கிறார். இதில் நான் பாரபட்சமானவள்தான், இருந்துவிட்டுப் போகிறேன்.

யார் எதில் வாசித்தார்கள் என்று பார்க்க டிஸ்காக்ஸ் தளம் போதும். ஒரு பாட்டை யார் யார் எடுத்தாண்டார்கள் என்பதற்கு செகண்ட்ஹேண்ட்சாங்ஸ் என்ற தளம் இருக்கிறது. இரண்டுமே இலவசம். ஒரு எச்சரிக்கை: பாட்டு ஆப்புகளில் காட்டும் வருஷத்தை நம்பாதே. 1955-ல் பதிவானது 2011 என்று போட்டிருக்கும். அது மறுவெளியீட்டு வருஷம். பதிவான வருஷத்தைத் தேடிக் குறித்துக்கொள்.

இருவர் வாசித்ததில் தொடங்கு

நாலைந்து பேர் வாசித்தால் புதுக் காதுக்கு யார் என்ன செய்கிறார் என்று பிரிக்கத் தெரியாது. இருவர் என்றால் ஒளிய இடமில்லை. பில் எவன்ஸ் பியானோ, ஜிம் ஹால் கிடார், 'அண்டர்கரண்ட்' ஆல்பம், 1962. முதல் பாட்டு 'மை ஃபன்னி வேலண்டைன்'. 1937-ல் ஒரு மேடை நாடகத்துக்காக ரோஜர்ஸும் ஹார்ட்டும் எழுதிய இந்தப் பாட்டை எல்லாரும் உருகி உருகி மெதுவாகத்தான் வாசிப்பார்கள். இவர்கள் ஓட்டமாக எடுத்தார்கள். டிரம்ஸும் பேஸும் இல்லாமல் அந்த வேகத்தைத் தாங்குவது எப்படி என்று ஜிம் ஹாலின் வலது கையைக் கேளு. பியானோ தனியாகப் பறக்கும்போது கிடார் கீழே நடந்துகொண்டே கார்டும் போடுகிறது. காலத்தை மாற்றினால் பாட்டின் குணமே மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பில் ஃப்ரிஸெலும் ஃப்ரெட் ஹெர்ஷும் சேர்ந்த 'சாங்ஸ் வீ நோ', 1998. அதுவும் கிடாரும் பியானோவும்தான். ஆல்பத்தின் பெயரே 'நமக்குத் தெரிந்த பாட்டுகள்' என்பதுதான். தேய்ந்த பாட்டுகளையே தேர்ந்தெடுத்து, இடைவெளி விட்டு, மெல்ல நகர்த்துகிறார்கள்.

இதையெல்லாம் போன் ஸ்பீக்கரில் கேட்காதே. பேஸ் சுத்தமாகக் கேட்காது. ரான் கார்ட்டர் பாதி வேலையைச் செய்யும் இடத்தில் உனக்கு வெறும் கிடார் மட்டும் தகரச் சத்தமாக வரும். சாதாரண ஒயர் இயர்போன் போதும். அம்மாபேட்டை, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வீடு என்றால் தறி ஓடாத நேரமாகப் பார்த்துக் கேளு. சேலம் - நாமக்கல் பஸ்ஸில் வேண்டவே வேண்டாம். டிரைவர் அண்ணன் போடும் பாட்டோடு ஜிம் ஹாலால் போட்டி போட முடியாது.

பெயர் மாறி ஒளிந்திருக்கும் பாட்டுகள்

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். பாவு ஒன்றுதான், ஊடையை மாற்றினால் வேறு சேலை. ஜாஸிலும் பழைய பாட்டின் கார்டு வரிசையைப் பாவாக வைத்துக்கொண்டு புது மெட்டை ஓட்டி, புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். 'ஹவ் ஹை தி மூன்' கார்டுகளின் மேல் பிறந்தது 'ஆர்னிதாலஜி'. 'இண்டியானா' என்ற பழைய பாட்டின் மேல் 'டோனா லீ'. கிடாரில் முக்கியமானது வெஸ் மான்ட்கோமரியின் 'ஃபோர் ஆன் சிக்ஸ்', 1960. கெர்ஷ்வின் 1935-ல் 'போர்கி அண்ட் பெஸ்' ஆபராவுக்குப் போட்ட 'சம்மர்டைம்' பாட்டின் சட்டத்திலிருந்து கிளம்பியது அது. 'சம்மர்டைம்' உனக்கு அலுத்திருந்தால் 'ஃபோர் ஆன் சிக்ஸ்' போட்டுவிட்டு, அதன் மேல் 'சம்மர்டைம்' மெட்டைப் பாடிப் பாரு. அப்போது தெரியும் அந்த மனுஷன் என்ன செய்திருக்கிறார் என்று. மெல்லிய பிக் எதுவும் இல்லாமல் வெறும் கட்டை விரலால் வாசித்தவர் அவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள். அந்தத் தடித்த, வட்டமான நாதம் விரல் சதையிலிருந்து வருவது.

ஒரே ஆள், ஒரே நாள்

இது குறுக்குவழி. பில் எவன்ஸ் மூவர் குழு 1959 டிசம்பரில் பதிவு செய்த 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' ஆல்பத்தின் குறுந்தகட்டுப் பதிப்பில் 'ஆட்டம் லீவ்ஸ்' இரண்டு டேக்குகள் இருக்கின்றன. அதே மூவர், அதே ஸ்டுடியோ, அதே நாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளு. ஸ்காட் லஃபாரோவின் பேஸ் பின்னால் நின்று தாளம் பிடிக்காமல் பியானோவோடு பேச்சுக்குப் பேச்சு நிற்பதைக் கவனி. 'ஆல்டர்னேட் டேக்' என்று போட்டிருப்பதை எல்லாரும் மிச்சம் மீதி என்று தாண்டிப் போவார்கள். நீ அங்கேதான் நிற்க வேண்டும்.

ஒரே ஆள், வேறு வேறு வயது என்பதும் உண்டு. போனி எம் பாடிய 'சன்னி' நம் ஊர் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் வரைக்கும் வந்த பாட்டு. 1966-ல் பாபி ஹெப் பாடியது அதன் மூலம். பேட் மார்ட்டினோ என்ற கிடார்காரர் அதை 1972-ல் 'லைவ்!' ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். ஒரே சிறு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுழற்றும் இடத்தில் மூச்சு முட்டும். 1980-ல் மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்து அவருக்கு நினைவே போய்விட்டது. தன் பழைய ரெக்கார்டுகளைத் தானே கேட்டுக் கேட்டுக் கிடாரை மறுபடி கற்றுக்கொண்டார். அதற்குப் பிந்தைய பதிவுகளையும் தேடிக் கேளு.

கரடுமுரடானவற்றையும் ஒதுக்காதே

டெரக் பெய்லி என்று இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். இளம் வயதில் நடனக் குழுக்களில் கிடார் வாசித்துப் பிழைத்தவர். பிறகு மெட்டு, தாளம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் வாசிப்பதிலேயே பல பத்தாண்டுகள் இருந்தார். எழுபது வயது தாண்டி, 2002-ல் 'பேலட்ஸ்' என்று ஒரு ஆல்பம். 'லாரா', 'பாடி அண்ட் சோல்', 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்' என்று பழைய பாட்டுகள். மெட்டு கொஞ்சம் எட்டிப்பார்க்கும், உடைந்து சிதறும், எதிர்பாராத இடத்தில் மறுபடி வரும். முதல் தடவை கேட்கும்போது, "என்னக்கா, கிடார் ட்யூன் பண்ணலையா?" என்று கேட்பாய். பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி போடு. மேரி ஹால்வர்சனின் 'மெல்ட்ஃப்ரேம்', 2015, இதே குடும்பம். அதில் டியூக் எலிங்டனின் 'சாலிட்யூட்' வருகிறது. ஒரு பெண் தனியாக எலெக்ட்ரிக் கிடாரோடு உட்கார்ந்து என்னென்ன செய்யலாம் என்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டு.

நம் பக்கத்து ஆட்கள்

பெங்களூரில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த கார்ல்டன் கிட்டோ, இந்தியாவில் பீபாப் என்ற ஜாஸ் பாணிக் கிடாரைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். 2016-ல் மறைந்தார். அவரைத் தேடிப் போகும் 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்ற ஆவணப்படம் இருக்கிறது. தட்டுப்பட்டால் விடாதே. ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா, ஐஐடி மெட்ராஸில் படித்து, அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்கும் போனவர். கிடாரில் கமகத்தோடு கர்நாடகக் கீர்த்தனை வாசிப்பார், ஜாஸும் வாசிப்பார். 2006-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' போட்டார். தந்தியை இழுத்துச் சுரத்தை வளைப்பது எப்படி என்று அவரிடம் கேட்டுவிட்டு 'ஆட்டம் லீவ்ஸ்' மெட்டை எடு. அந்த இறங்கும் வரிகளில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் வளைத்துப் பாரு. எல்லாவற்றையும் வளைத்தால் சகிக்காது, சொல்லிவிட்டேன்.

நேரில் கேட்க வேண்டும் என்றால் சென்னையோ பெங்களூரோதான் போக வேண்டும். சேலத்திலிருந்து இரண்டு ஊருக்கும் ரயில் இருக்கிறது, தங்க மட்டும் சொந்தக்காரர் வீடு பார்த்துக்கொள்.

கேட்டதைக் கைக்குக் கொண்டுவா

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள். ஒவ்வொரு வாசிப்புக்கும் நாலு விஷயம் மட்டும் எழுது: காலம் வேகமா மெதுவா, முதல் எட்டு பாரில் மெட்டை எவ்வளவு மாற்றினார், மூன்றாவது துண்டில் என்ன செய்தார், எப்படி முடித்தார். 'சூப்பர்', 'செம' என்று எழுதினால் நோட்டைக் கிழித்துவிடுவேன். பிறகு மனதைத் தொட்ட நாலு பாரை மட்டும் வேகத்தைக் குறைத்துப் போட்டு, முதலில் பாடி, அப்புறம் கிடாரில் கண்டுபிடி. முழு சோலோவையும் டேப் பார்த்துக் காப்பி அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விரல் மட்டும் வாசிக்கும், காது சும்மா இருக்கும். 'ரியல் புக்' என்ற ஜாஸ் பாட்டுப் புத்தகம் கையில் இருந்தால் இருக்கட்டும். ஆனால் அதிலிருக்கும் கார்டுகளை வேதவாக்காக எடுக்காதே. 1970-களில் பெர்க்லீ பக்கம் பையன்கள் திருட்டுத்தனமாகத் தொகுத்து விற்ற புத்தகம் அது. பிழைகளும் கூடவே பிரபலமாகிவிட்டன. ரெக்கார்டில் காதால் கேட்டதுதான் கணக்கு.

உன் வாசிப்புக்கு வரும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. காலத்தை மாற்றினால் கார்டைத் தொடாதே. மெட்டைக் கீழ்த் தந்திகளுக்கு இறக்கினால் காலத்தைத் தொடாதே. ஒருநாள் முழுக்க ஒரே தந்தியில் வாசி. ஒருநாள் ஒரு பாருக்கு இரண்டு சுரத்துக்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொள். பழகியதும் இதே வைத்தியத்தை 'இளைய நிலா'வுக்கும் செய்து பாரு. நம்ம ஆட்களுக்கு அந்தப் பாட்டின் ஒவ்வொரு சுரமும் மனப்பாடம். அதனால் நீ எதை விட்டாலும் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், 'அண்டர்கரண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடு. ஆறு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அதற்கு முன்னால் யாராவது மெதுவாகப் பாடிய 'மை ஃபன்னி வேலண்டைன்' ஒன்றைக் கேட்டுவிட்டுப் போடு, தம்பி.